ஏழு நாற்காலியா, ஐந்தா, மூன்றா? வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு எத்தனை இயக்குநர்கள் வேண்டும்

கேள்வி: 2025 ஜனவரி 12

கலிபோர்னியாவின் சான் ரமோனில் 96 வீடுகள் கொண்ட கண்டோமினியம் (அடுக்ககக்) குடியிருப்பில் இருக்கிறோம். துணைவிதிப்படி இயக்குநர் குழுவுக்கு ஏழு பேர். இப்போது இருப்பவர்கள் நான்கு பேர், மூன்று இடங்கள் காலி. அந்த நால்வரில் ஒருவர் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று கோயம்புத்தூர் போயிருக்கிறார். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், இல்லை என்று கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. பால்கனிப் பழுதுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. மூன்று பேர் போதும் என்கிறது ஒரு தரப்பு. கட்டடத்துக்கு ஒருவர் வீதம் ஒன்பதாக்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. எது சரி? அக்கா, நீங்கள் பிரீமாண்டில் குழுவில் இருந்தவர், சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு

ஐந்து. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். அதைவிட அவசரம், இருக்கிற நால்வரையும் ஒரே கூட்டத்தில் சேர்ப்பது. இயக்குநர் வீடியோ வழியாகக் கலந்துகொள்ளக் கலிபோர்னியாவில் தடையில்லை. 2024 தொடக்கத்திலிருந்து முழுக் கூட்டத்தையுமே வீடியோவில் நடத்தலாம். அப்படி நடத்தினால் ஒவ்வொரு இயக்குநரின் பெயரையும் சொல்லி வாக்குக் கேட்க வேண்டும். இப்போது குளிர்கால நேரம் என்பதால், உங்களுக்கு மாலை ஏழு மணி என்றால் கோயம்புத்தூரில் மறுநாள் காலை எட்டரை. வசதியான நேரம்தான்.

நான்கு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் ‘காலி இடங்களை நிரப்புதல்’ என்று எழுத மறக்காதீர்கள். நிரலில் இல்லாத விஷயத்தைக் கூட்டத்தில் முடிவு செய்ய முடியாது, அவசரநிலை போன்ற சில விலக்குகளைத் தவிர.

ஜனவரி 13

இப்போது காரணம். எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் வேலை எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கோரத்தை.

இங்குள்ள சங்கங்களில் பெரும்பாலானவை உறுப்பினர் நலனுக்கான லாப நோக்கற்ற கழகமாகப் பதிவானவை. அவற்றுக்கான சட்டத்தில், கார்ப்பரேஷன்ஸ் கோடு 7211ஆம் பிரிவில், கோரம் என்பது துணைவிதி அனுமதித்த மொத்த இயக்குநர் எண்ணிக்கையில் பெரும்பான்மை. இன்றைக்கு எத்தனை பேர் பதவியில் இருக்கிறார்கள் என்ற கணக்கே அங்கே கிடையாது. காலி நாற்காலியும் எண்ணப்படும். ஏழு என்று எழுதியிருந்தால் நான்கு பேர் வந்தாக வேண்டும். உங்களிடம் இருப்பதே நான்கு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் சங்கம் நின்றுபோகும்.

துணைவிதியில் வேறு கோரம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மொத்த எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு பேர் என்ற இரண்டில் எது அதிகமோ அதற்குக் கீழே இறங்க முடியாது.

ஒன்பதாக்கச் சொல்கிறவர்களிடம் இதைக் காட்டுங்கள். ஒன்பதுக்குக் கோரம் ஐந்து. திருத்தம் நடைமுறைக்கு வந்த மறுநிமிடம், உங்கள் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தாலும் கோரம் ஆகாது.

ஜனவரி 14

“பதவியில் இருப்பவர்களில் பெரும்பான்மை போதும், எங்கள் நிர்வாக நிறுவனம் அப்படித்தான் சொல்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறுவனத்தின் மேலாளர் சொல்வதை வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். துணைவிதியைத் திறந்து, கோரம் பற்றிய வரியை நீங்களே படியுங்கள். ‘அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை’ என்று இருந்தாலோ அந்த வரியே இல்லாவிட்டாலோ நான் நேற்று எழுதிய கணக்குத்தான். கோரம் இல்லாமல் எடுத்த முடிவை நாளை யாராவது நீதிமன்றத்தில் கேள்வி கேட்டால், பதில் சொல்லப்போவது மேலாளர் இல்லை.

ஜனவரி 15

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலருக்குத் தெரிவதில்லை. பதவியில் இருப்பவர்களே கோரத்துக்குக் குறைவாகிவிட்டால், மிஞ்சியவர்கள் காலியிடத்தை நிரப்பச் சட்டம் வழி விடுகிறது: எல்லோரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும், அல்லது அறிவிப்புக் கொடுத்த கூட்டத்தில் மிஞ்சியவர்களின் பெரும்பான்மை போதும். கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினால் அவரே நியமிக்கலாம். துணைவிதி வேறு மாதிரி சொல்லாத வரை இதுதான் நிலை.

எனவே ஏழு இடத்தில் மூன்று பேர் மிஞ்சிய குழுவுக்கு வழி இருக்கிறது. நான்கு பேர் இருந்து மூவர் மட்டும் கூட்டத்துக்கு வருகிற குழுவுக்கு வழி இல்லை. நீங்கள் நிற்பது அந்த இரண்டாவது இடத்தில். அதற்காக ஊருக்குப் போனவரை ராஜினாமா செய்யச் சொல்லாதீர்கள். தாயைப் பார்க்கப் போனவரிடம் அப்படிக் கேட்பது தகாது. வீடியோ இருக்கிறது.

ஜனவரி 19

“அப்படியானால் மூன்றே போதுமே, இரண்டு பேர் வந்தால் கோரம்” என்கிறீர்கள். கேட்க எளிதாக இருக்கிறது. நான் எதிர்க்கிறேன்.

இங்கே குழுக் கூட்டம் உறுப்பினர்களுக்குத் திறந்தது. டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம் என்று நாம் சொல்கிற சிவில் கோடு பகுதியில், கோரம் அளவுக்கு இயக்குநர்கள் ஓரிடத்தில் சேர்ந்து சங்க விஷயத்தைப் பேசினாலே அது கூட்டம். மூவர் குழுவில் கோரம் இரண்டு. குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வரும்போது இரண்டு இயக்குநர்கள் சந்தித்து, கூரை ஒப்பந்தக்காரர் பற்றி நான்கு வார்த்தை பேசினால், அறிவிப்பில்லாமல் கூட்டம் நடந்துவிட்டது என்று பொருள். மின்னஞ்சலில் மாற்றி மாற்றி எழுதி முடிவெடுக்கவும் கூடாது. அவசரநிலையில் மட்டும், எல்லா இயக்குநரும் எழுத்தில் சம்மதித்தால் முடியும்.

மூவர் குழுவில் சட்டத்தை மதிக்கிற இயக்குநர் தன் சக இயக்குநரிடம் வாயே திறக்க முடியாது. மதிக்காதவர் எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே முடித்துவிடுவார். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஐவர் குழுவில் இருவர் பேசிக்கொள்ளலாம், ஒருவரிடம் ஒருவர் சந்தேகம் கேட்டுத் தெளியலாம். எங்கள் குழுவில் நானும் பொருளாளரும் மாதாந்தரக் கணக்கை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். குழு மாதந்தோறும் வங்கிக் கணக்கையும் வரவு செலவையும் சரிபார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கூட்டத்துக்கு வெளியே ஒவ்வொரு இயக்குநரும் தனித்தனியாகவோ, பொருளாளரும் குறைந்தது இன்னொரு இயக்குநரும் கொண்ட துணைக்குழுவோ அதைச் செய்யலாம், அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பதிவானால் போதும். அந்த வேலையே ஐந்து பேர் இருந்ததால்தான் ஒழுங்காக நடந்தது.

ஜனவரி 20

ஒற்றைப்படை எண்ணாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: ஆம், ஆனால் வாக்குகள் சமமாகி முடிவே வராமல் போகும் என்று நீங்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை. வாக்குகள் சமமானால் தீர்மானம் தோற்றது, அவ்வளவுதான். யாரும் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. மேலும் ஐவரில் ஒருவர் வராத இரவில் நீங்கள் எப்படியும் நால்வர்தான்.

கோரத்தைப் பாருங்கள். நான்கு பேர் குழுவுக்குக் கோரம் மூன்று. ஐந்து பேர் குழுவுக்கும் மூன்றே. ஐவரில் இருவர் வராமல் இருக்கலாம், நால்வரில் ஒருவர்தான் வராமல் இருக்கலாம். ஆறுக்கும் ஏழுக்கும் இதே கதை. இரட்டைப்படையில் ஒரு ஆளைக் குறைக்கிறீர்கள், கோரம் குறைவதில்லை.

பிப்ரவரி 2

ஒன்பது வேண்டும் என்பவர்கள் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பது எண்ணிக்கையை அல்ல என்று நினைக்கிறேன். பின்னாலுள்ள கட்டடங்களில் மழைநீர் தேங்குவதை முன்கட்டடத்துக்காரர்கள் கண்டுகொள்வதில்லை என்ற மனக்குறை அது. நியாயமான குறை. ஆனால் நாற்காலியைக் கூட்டுவது அதற்கு மருந்தில்லை.

இயக்குநராக உட்கார்ந்தவர் முழுச் சங்கத்துக்கும் கடமைப்பட்டவர். ‘நான் நான்காம் கட்டடத்தின் ஆள்’ என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், ஒவ்வொரு செலவும் பேரமாகிவிடும். எங்கள் குடியிருப்பில் விருந்தினர் வண்டி நிறுத்துமிடம் பற்றிய சண்டையில் அது நடந்தது. தெற்கு வரிசை, வடக்கு வரிசை என்று பிரிந்து, கூட்டத்துக்கு வந்த பிள்ளைகள் முன்னால் பெரியவர்கள் குரலை உயர்த்தினார்கள். ஐந்து இயக்குநர்களில் மூவர் தெற்கு வரிசை. அவர்கள் என்ன சொன்னாலும் வடக்கு நம்பவில்லை.

தீர்த்தது ஒரு துணைக்குழு. இரு வரிசையிலிருந்தும் குடியிருப்பவர்கள் ஆறு பேர், கூடவே ஒரே ஒரு இயக்குநர். இரவு பத்து மணிக்கு நடந்து போய் வண்டிகளை எண்ணினார்கள், படம் வரைந்தார்கள், பரிந்துரை எழுதினார்கள். குழு அதைத் திறந்த கூட்டத்தில் வாசித்து வாக்களித்தது. அந்தத் துணைக்குழுவுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது: குழுவின் அதிகாரத்தைச் செலுத்தும் துணைக்குழுவில் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அவர்கள் இயக்குநர்களாக மட்டுமே இருக்க வேண்டும். பரிந்துரைக்கும் துணைக்குழுவில் யாரும் இருக்கலாம். அந்த ஆறு பேரில் ஒரு பெண் பிறகு தேர்தலில் நின்று எங்கள் பொருளாளர் ஆனார். இயக்குநர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

உங்கள் மழைநீர் விவகாரத்துக்கும் இதையே செய்யுங்கள்.

பிப்ரவரி 3

டாம்பாவிலிருந்து எழுதிய சாருக்கு: புளோரிடாவில் நிலைமை கொஞ்சம் வேறு. கண்டோமினியம் சங்கத்தின் துணைவிதி எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால், சட்டமே ஐந்து என்று வைத்துக்கொள்கிறது. ஐந்து வீடோ அதற்குக் குறைவோ இருந்தால், லாப நோக்கற்ற கழகத்தில் மூன்றுக்குக் குறையக் கூடாது. டெக்ஸாசிலும் லாப நோக்கற்ற கழகத்துக்குக் குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். புளோரிடாவில் 48 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு ஒட்ட வேண்டும், மின்னஞ்சலில் பேசிக்கொள்ளலாம், வாக்களிக்கக் கூடாது. அங்கே கணவனும் மனைவியும் ஒரே வீட்டின் சார்பில் இருவருமாகக் குழுவில் இருப்பதற்குப் பத்து வீட்டுக்கு மேற்பட்ட கண்டோமினியத்தில் தடை உண்டு, ஆள் கிடைக்காவிட்டால் விலக்கு. கலிபோர்னியாவில் சங்கம் விரும்பினால் அப்படி ஒரு தகுதிவிதி வைத்துக்கொள்ளலாம். ஏழு இடத்தை நிரப்பக் கணவன் மனைவியாகச் சேர்க்கிற சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல அறிகுறி இல்லை.

சென்னையில் என் தம்பியின் அடுக்ககச் சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. அங்கேயும் செயற்குழுவுக்குக் குறைந்தது மூன்று பேர்.

பிப்ரவரி 16

மொத்தம் எத்தனை என்பதைப் போலவே முக்கியமானது, ஒரு தேர்தலில் எத்தனை இடங்கள் வருகின்றன என்பது. இதை யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

உங்கள் துணைவிதியில் ஒருவர், இடத்துக்கு ஒன்று வீதம் தனக்குள்ள எல்லா வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்துப் போடும் முறை இருக்கிறதா பாருங்கள். கட்டுமான நிறுவனம் எழுதிக் கொடுத்த துணைவிதிகளில் அடிக்கடி இருக்கும். இருந்தால், 96 வீடுகளும் வாக்களிக்கும் தேர்தலில் ஐந்து இடங்கள் ஒன்றாக வந்தால் 17 வீடுகள் சேர்ந்து தங்கள் ஆள் ஒருவரை நிச்சயமாக உள்ளே அனுப்பலாம். மூன்று இடங்கள் வந்தால் 25 வீடுகள் வேண்டும். இரண்டு என்றால் 33. ஒன்றே ஒன்று என்றால் 49, அதாவது பாதிக்கு மேல்.

பின்கட்டடத்துக்காரர்கள் கேட்கிற குரல் இங்கேதான் கிடைக்கும். ஒன்பது இடங்களை வைத்து வருடத்துக்கு மூன்றாகத் தேர்ந்தெடுத்தால், ஐந்தையும் ஒரே தேர்தலில் வைக்கும் குழுவைவிடச் சிறுபான்மைக்கு வாய்ப்புக் குறைவு. ஐந்து இடங்களை வருடத்துக்கு மூன்று, இரண்டு என்று பிரித்தாலும் குறைகிறதுதான். ஆனால் ஐவரும் ஒரே இரவில் மாறினால் கூரை எப்போது போட்டது, காப்பீட்டுத் தரகரிடம் என்ன பேசியது என்று சொல்ல ஆளிருக்காது. நான் பிரிப்பதன் பக்கம். உங்கள் பின்கட்டடங்களில் 25 வீடுகளுக்கு மேல் இருக்கும் அல்லவா? மூன்று இடங்கள் வருகிற ஆண்டில் அவர்கள் ஒன்றுபட்டு நின்றால் போதும்.

பிப்ரவரி 17

இன்னொன்று. வேட்பாளர்கள் காலியிடத்துக்கு அதிகமாக இல்லாவிட்டால், 2022 முதல் கலிபோர்னியாவில் எல்லாச் சங்கங்களும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கலாம், நிபந்தனைகளோடு: மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கு 90 நாள் முன்னதாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அறிவிப்பு, பிறகு நினைவூட்டல், மூன்று ஆண்டுகளுக்குள் முறையான தேர்தல் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஏழு இடம் வைத்தால் பெரும்பாலும் போட்டியே இருக்காது. வந்தவரெல்லாம் இயக்குநர். இடம் குறைந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் வேட்பாளர் தன் திட்டத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கும், வாக்குச்சீட்டு அச்சிடும் செலவு வந்தாலும்.

மார்ச் 9

ஐந்தைப் பற்றி இத்தனை உறுதியாகச் சொன்னேன். மில்பிடாஸில் 12 வீட்டுச் சங்கம் நடத்தும் அம்மா ஒருவரின் கடிதத்தைப் படித்த பிறகு யோசித்தேன். அவர்களுக்கு ஐந்து என்றால் கிட்டத்தட்ட வீடுகளில் பாதி. மூன்றே சரி. அந்த அளவில் இரண்டு இயக்குநர்கள் பேசாமல் இருக்கிற கட்டுப்பாட்டைச் சமாளிக்க வழி, மாதம் ஒரு முறை நிலையான தேதியில் கூட்டம் வைத்துவிடுவது. முதல் செவ்வாய் என்றால் முதல் செவ்வாய். பேச வேண்டியதை எல்லாம் அங்கே பேசட்டும், பன்னிரண்டு வீட்டாரும் கேட்கட்டும்.

ஆனால் சேமநிதியிலிருந்து (பெரிய பழுதுகளுக்காகச் சங்கம் சேர்த்து வைக்கும் பணம்) எடுக்க இரண்டு கையெழுத்துகள் வேண்டும்: இரண்டு இயக்குநர்கள், அல்லது ஒரு இயக்குநரும் இயக்குநர் அல்லாத அலுவலர் ஒருவரும். மூவர் குழுவில் ஒருவர் ஊரில், ஒருவர் மருத்துவமனையில் என்றால் தண்ணீர்க்குழாய் உடைந்த அன்று என்ன செய்வது? இயக்குநர் அல்லாத ஒருவரைச் செயலாளராக நியமித்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மா, துணைவிதி தடுக்காவிட்டால்.

மார்ச் 10

‘மூன்று முதல் ஏழு வரை’ என்று எழுதிவிட்டு, தேவைக்கேற்பக் குழு முடிவு செய்யலாமே என்ற யோசனை நன்றாகத்தான் தெரிகிறது. சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் எண்ணை நிர்ணயிக்கும் உரிமையைக் குழுவிடமே விட்டால், பிடிக்காத வேட்பாளர் நிற்கும் ஆண்டில் எண் சுருங்கும். வரம்பு வைத்தால் குறுகலாக வையுங்கள், நிர்ணயிப்பதை உறுப்பினர் வாக்குக்கு விடுங்கள். என்னைக் கேட்டால் ஒரே எண்.

ஏப்ரல் 6

நல்ல செய்தி. ஊருக்குப் போன இயக்குநர் கோயம்புத்தூரிலிருந்தே வீடியோவில் வந்து வாக்களித்தாராம், ஒரு காலியிடம் நிரம்பியிருக்கிறது, பால்கனி ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. மரத்தாங்கல் பால்கனிகளுக்கு முதல் பரிசோதனையை 2025 ஜனவரி 1க்குள் முடித்திருக்க வேண்டும், அதன்பின் ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை. பழுதையும் தள்ளிப்போட முடியாது. அவருடைய அம்மா நலமாக இருக்கட்டும்.

மீதி இரண்டு இடத்துக்கு ஆள் வரத் தயங்குவது ‘வழக்குப் போட்டால் என் வீடு போய்விடுமோ’ என்ற பயத்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் வாங்காமல், நல்லெண்ணத்தோடு, வேண்டுமென்றோ மிகக் கடுமையான அலட்சியத்தோடோ தவறு செய்யாமல் செயல்படும் இயக்குநருக்குக் காப்பீட்டுத் தொகைக்கு மேல் தனிப்பட்ட பொறுப்பு வராமல் சிவில் கோடு 5800 காக்கிறது. அதற்குச் சங்கம் போதிய காப்பீடு வைத்திருக்க வேண்டும்: 100 வீடுகள் வரை குறைந்தது ஐந்து லட்சம் டாலர், அதற்கு மேல் பத்து லட்சம். உங்களுக்கு 96. பாலிசியை எடுத்துப் பாருங்கள், தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ஏப்ரல் 27

திருத்தத்தை எப்படி எழுதுவது என்பதற்கு. நிலையான எண்ணை மாற்ற உறுப்பினர் ஒப்புதல் வேண்டும், குழு மட்டும் மாற்ற முடியாது. ரகசிய வாக்குச்சீட்டு, இரட்டை உறை, 30 நாள் முன்னதாக அனுப்புதல், ஒருவரோ மூவரோ தேர்தல் பார்வையாளர்கள். இயக்குநர் தேர்தலில் உறுப்பினர் கோரம் கிடைக்காவிட்டால் 2024 முதல் மறுகூட்டத்தில் உறுப்பினர்களில் 20 சதவீதம் போதும். துணைவிதித் திருத்தத்துக்கு அந்தச் சலுகை இல்லை, எனவே வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும்.

எண்ணைக் குறைத்தாலும் பதவியில் இருப்பவரின் காலம் முடியும் முன் அவரை அது நீக்காது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஏழில் ஐந்து பேர் இப்போது இருக்கிறார்கள், காலியாக இருக்கிற இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டால் சரியாக ஐந்து. எனவே அந்த இரண்டையும் இப்போது நிரப்பாதீர்கள், திருத்த வாக்கெடுப்பு முடியும் வரை.

வாக்குச்சீட்டில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: இயக்குநர்கள் ஐவர், பதவிக்காலம் இரண்டு ஆண்டு, ஒரு ஆண்டு மூவர், அடுத்த ஆண்டு இருவர், கோரம் மூவர். முதல் தேர்தலில் யாருடைய இடம் வரும் என்பதை அவரவர் பதவிக்காலம் முடியும் தேதியோடு அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். அதைப் போடாமல் விட்டால் சண்டை அங்கேதான் தொடங்கும். வரைவைச் சங்க வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.